மூன்று நொடிப் படம்

மார்ச் 3, செவ்வாய்

நான் வரைகிற அறையின் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒட்டுநாடாவைப் பிய்த்தபோது கதவின் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. ஓவியர் சங்கமாம். ஒரு தாளை ஒழுங்காக ஒட்டத் தெரியாத சங்கம்.

ஆண்டுக் காட்சிக்கு விண்ணப்பம் இந்த வருடமும் இணையத்தில் மட்டும்தானாம். படத்தை நேரில் தூக்கிக்கொண்டு போனால் வாங்கமாட்டார்களாம். கடைசி நாள் மார்ச் 15, மாலை ஐந்து மணி. அதற்குக் கீழே பேனாவால் ஒரு வரி, எனக்கென்றே எழுதியது. 'மூன்று ஆண்டு தொடர்ந்து தேர்வாகாத உறுப்பினர் சங்கத்தின் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம்.' அன்புடன்!

இணையத்துக்கு மாறிய பிறகு இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் இல்லை என்றார்கள். இது மூன்றாவது. இதுவும் இல்லையென்றால் அறை போகும். வீட்டில் நான் வரையும் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தால் குளியலறைக் கதவு திறக்காது. எங்கே போய் வரைவேன்? வரையாவிட்டால் நான் யார்? அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஐம்பத்துநான்கு வயதுத் தங்கை. அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

சங்கச் செயலாளரைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது பேச்சுக்குத்தான். எதைக் கேட்டாலும் கையில் நிற்காமல் நழுவுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வழவழா.

"இப்ப எவ்ளோ வசதி தெரியுமாம்மா? நடுவருங்க வீட்டுல உக்காந்தபடியே பாத்துடறாங்க. ஒரு படத்துக்கு மூணு செகண்டு. ஒரே மத்தியானம், வேலை முடிஞ்சுது."

"மூணு செகண்டுல என்ன சார் தெரியும்?"

"நல்ல படம்னா பளிச்சுனு தெரிஞ்சுடும்மா."

பளிச்சாம். என் வயிறுதான் பளிச்சென்று எரிந்தது.

முன்பு நடந்ததும் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. படங்களைச் சுவரோரம் சாய்த்து வைப்போம். மூன்று பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார்கள். ஒருவர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். தங்களுக்கு வேண்டியவர்களுக்கு முதலிடம் போட்டு வைத்திருப்பார்கள், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தூங்கி எழுந்த மனிதர் கண்ணைத் திறந்தால் எதிரே படம் இருக்கும். அதன்முன் கொஞ்ச நேரம் நின்றுதான் ஆக வேண்டும். எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

இந்த முறை அனுப்பப் போவது 'படிகள்'. எட்டு மாத வேலை. மின்சாரம் போன மாடிப்படி. கருப்புக்கு மேல் கரும்பச்சை, அதற்கு மேல் மண்நிறம், திரும்பக் கருப்பு, இப்படி அடுக்கடுக்காகப் போட்டு, காய்ந்தபின் பிளேடால் சுரண்டிச் சுரண்டி எடுத்தது. முதலில் பார்த்தால் வெறும் இருட்டு. நின்றால் ஒரு படி தெரியும். இன்னும் நின்றால் அடுத்தது. கடைசிப் படி தெரிய ஒரு நிமிடமாவது ஆகும். அதை மூன்று நொடிக்காரர்களிடம் அனுப்புகிறேன். எனக்குப் பைத்தியம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

பக்கத்து அறை பானைக்காரி தேநீருக்குக் கூப்பிட்டாள். மண்ணில் வேலை செய்பவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், நல்ல கைக்காரி. புதிதாகச் சுட்ட ஜாடிகளை அலமாரியில் வரிசையாக வைத்திருந்தாள். நீலமும் பச்சையும் ஒழுகி இறங்கிய மெருகு, அழகோ அழகு. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் மொட்டை மண். மெருகே இல்லை.

"என்னடி இது, பாதிதான் பூசியிருக்க?"

"போட்டோவுக்கு முன்பக்கம் போதும்ல? மெருகு மிச்சம், வேலை மிச்சம்."

"காட்சியில வெச்சா?"

"செவுத்தோரம் வெப்பாங்க. பின்னாடி எவன் போய்ப் பாக்கப் போறான்?"

இரண்டு வருடமாக அவளைத்தான் தேர்வு செய்கிறார்கள். ஜாடியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, தேநீரைப் பாதியோடு வைத்துவிட்டு வந்துவிட்டேன். கையில் ஏதோ ஒட்டிக்கொண்டது போல இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மார்ச் 9, திங்கள்

என் பலகையின் பின்பக்கத்தையும் ஒரு கோட் அடித்து முடித்தேன். யாரும் பார்க்கப் போவதில்லை என்றே அடித்தேன்.

மார்ச் 11, புதன்

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற கடைக்காரரை அறைக்கே வரவழைத்தேன். குடை, விளக்கு, முக்காலி எல்லாம் கொண்டுவந்தார். மரியாதையான மனிதர். எடுத்ததைத் திரையில் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"லென்ஸ் மூடியக் கழட்டலையோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா."

கருப்பு. கடைசிவரை கருப்பு. ஒரு படிகூட இல்லை. விளக்கை ஏற்றினால் சாம்பல், இறக்கினால் கரி. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம், நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதை. நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

விண்ணப்பத்தை அக்கா நிரப்பினாள். அவளுக்கு இது விருந்து மாதிரி. முப்பது வருடம் பதிவு அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து படிவம் வாங்கியவள். ஓய்வு பெற்றதிலிருந்து நிரப்ப ஒன்றும் கிடைக்காமல் வாடிப்போயிருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினிமுன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பேர் எங்கயும் தெரியக்கூடாதாம். நடுவருங்களுக்கு நம்பர் மட்டும்தான் போகும். நல்ல ஏற்பாடுடி."

"ம்."

"உங்கள் படைப்பு உங்களுக்குள் எழுப்பும் கேள்வி என்ன? முன்னூறு எழுத்துக்குள்ள."

"இதெல்லாம் எதுக்கு இவங்களுக்குன்னு போடு."

"விளையாடாத. காலியா ஒரு கட்டமும் இருக்கக்கூடாது."

"இருட்டு. அவ்ளோதான், போடு."

அவள் இருட்டைப் பற்றி ஐந்து வரி எழுதினாள். வாசித்துக் காட்டினாள். 'மனித மனத்தின் ஆழங்களில்' என்று தொடங்கியது. என் உடம்பு கூசியது. எங்கிருந்து பிடித்தாய் என்றேன். போன வருடம் தேர்வானவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதினேன் என்றாள், கொஞ்சமும் வெட்கமில்லாமல். எழுதியது எழுதியதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படம் ஏற்றுவது மட்டும் பாக்கி.

மார்ச் 14, சனி

கடைசி முயற்சி. படத்துக்கு வார்னிஷ் பூசினேன். பூசினால் அடியில் இருக்கும் நிறம் மேலே வரும். வந்தது. ஒன்பது படி எண்ணினேன். நாளைக்குக் கடைக்காரரை இன்னொரு முறை எடுக்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கமாட்டார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. போனை எடுக்கவில்லை மனிதர்.

சரி, முதலில் எடுத்த கரியையே அனுப்பித் தொலைப்போம் என்றேன். அக்கா மடிக்கணினியோடு அறைக்கு வந்தாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. 'நீயே ஏத்திடு' என்று சொல்லிவிட்டுக் கீழே போய்த் தெருமுனைக் கடையில் நின்றேன். திரும்பி வந்தபோது ஐந்தாகப் போகிறது. அக்கா மடிக்கணினியை மூடிவிட்டு ஜன்னலோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. எல்லாக் கட்டமும் பச்சையாயிடுச்சு."

முடிந்தது. சனியன்.

மார்ச் 22, ஞாயிறு

புதுப் பலகை வாங்கவில்லை. எதற்கு, மூட்டை கட்டும்போது சுமையாகவா?

ஏப்ரல் 10, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் அக்கா கத்தினாள். தேர்வாகிவிட்டது. முதலிடம். சுவரொட்டியிலும் அதைத்தான் போடுகிறார்களாம். அக்கா மின்னஞ்சலை உரக்க வாசித்தாள், நான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்தது. கருப்புக்குள் போய்ப் பார்த்துவிட்டார்கள், மூன்று நொடியில் பார்த்துவிட்டார்கள், இத்தனை நாள் நான்தான் அநியாயமாகத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

அடுத்து நடுவர் குறிப்பு. அக்கா வாசித்தாள். 'ஒளிரும் ஜன்னலின் முன்னே ஒரு கையை உயர்த்தி நிற்கும் பெண். அவள் விடை கொடுக்கிறாளா, உதவி கேட்கிறாளா? அந்தத் தனிமை...'

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"என் படத்துல ஏதுக்கா பொண்ணு? ஏது ஜன்னல்? வெறும் படிக்கட்டுதானே இருக்கு?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தை எடுத்துத் திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போய்க் குழாயை மூடினேன். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கடைக்காரர் குடுத்தது ரொம்பப் பெரிய ஃபைலுடி. ஏத்த ஏத்தத் திருப்பி அனுப்புது. மணி நாலே முக்கால் ஆயிடுச்சு. நீயும் போன எடுக்கல. படம் காலியா இருந்தா விண்ணப்பமே செல்லாது. அதான் என் போன்ல ஒண்ணு எடுத்துப் போட்டுட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்திருக்கிறாள். முந்தைய நாள் பூசிய வார்னிஷ், கண்ணாடி மாதிரி. என் எட்டு மாத இருட்டில் ஜன்னல் அப்படியே விழுந்திருக்கிறது, கம்பியோடு. அதன் நடுவே போனைத் தூக்கிப் பிடித்தபடி அக்கா.

முதலாம் ஆண்டு மாணவன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான். பளபளக்கிற படத்தை ஜன்னலுக்கு எதிரே வைத்து எடுக்காதே என்பது எங்களுக்கு அரிச்சுவடி. அந்தத் தப்புக்கு முதலிடம்! விடை கொடுக்கிறாளாம், உதவி கேட்கிறாளாம்! அவ போட்டோ எடுக்கறாடா மடையனுங்களா, போட்டோ எடுக்கறா!

ஏப்ரல் 11, சனி

அக்காவோடு பேசவில்லை. அவளும் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

அந்தப் படத்தை எனக்கும் அனுப்பி வைத்திருந்தாள். அழிக்கத்தான் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன்.

எல்லாவற்றையும்விட அருவருப்பானது இதுதான், இதை எழுதவே கூசுகிறது. அது நன்றாக இருக்கிறது. வேண்டுமென்றே செய்தால் அப்படி வராது. அந்தக் கை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. என் பச்சைகூட ஓரங்களில் லேசாகத் தெரிகிறது. என் எட்டு மாதம் அவளுக்கு ஒரு திரைச்சீலை.

போனைக் குப்புற வைத்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

வழவழாவிடம் உண்மையைச் சொன்னேன். படத்தையும் காட்டினேன். அறைக்கே வந்து பார்த்தார். இருட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், திரும்ப இருட்டைப் பார்த்தார். மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"ஐயோ என்னம்மா, சுவரொட்டி அச்சுக்குப் போயிடுச்சே! கொண்டுவர்ற படைப்பு அனுப்பின படத்தோட ஒத்துப்போகணும், இல்லேன்னா ரத்து. விதி அது. ரத்தானா உங்களுக்கு மூணாவது வருஷம். அப்புறம் அறை..."

"தெரியும் சார்."

கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது. அது தெளிந்தாலே எனக்குப் பயம்.

"ஒண்ணு பண்ணுங்களேன். அந்த ஜன்னலையும் பொண்ணையும் இது மேலேயே வரைஞ்சுடுங்க. உங்க கைக்கு ஒரு நாள் வேலை. யாருக்கும் தெரியப் போறதில்ல. இருபதாம் தேதிக்குள்ள கொண்டாந்து குடுத்தா போதும்."

பானைக்காரி வராந்தாவிலிருந்து எட்டிப்பார்த்து, "அதானே, வரைஞ்சுடுங்கக்கா, இதுல என்ன இருக்கு?" என்றாள். இவளுக்கு எதிலும் எதுவும் இருக்காது.

ஏப்ரல் 15, புதன்

வரையலாம். உண்மையில் ஒரு நாள்கூட ஆகாது. அதுதான் பிரச்சினை.

காலையில் சாம்பலும் வெள்ளையும் கலந்தேன். துளி மஞ்சள். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரியான நிறம், முதல் தடவையே அமைந்துவிட்டது. கைக்கு மானம் ஏது? சொன்னதைச் செய்கிறது. பலகைமுன் நின்றேன். அறையைச் சுற்றிப் பார்த்தேன். இந்த வெளிச்சம் வேறெங்கும் கிடைக்காது. தரையில் என் நாற்காலி தேய்த்த தடம்கூட இருக்கிறது. பத்தொன்பது வருடம். ஒரு பெண்ணை வரைந்துவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும்.

வரைந்தேன். தோளில் ஒரு கோடு. இடது தோள்.

ஆறாவது படி அதற்கடியில் போனது. எட்டு மாதத்தில் எனக்கு மிகவும் பாடு கொடுத்த படி அது.

டர்பன்டைன் துணியை எடுத்துத் துடைத்தேன். வார்னிஷுக்கு மேல் என்பதால் முழுக்க வந்துவிட்டது. வராமல் போயிருந்தால்? யாரைப் பார்த்து இவ்வளவு நாள் முகம் சுளித்தேன்? முன்பக்கம் மட்டும் பூசுகிறவளைப் பார்த்து. நான் அதைவிடக் கேவலமாகச் செய்யப் பார்த்தேனே. அவளாவது மொட்டை மண்ணை மொட்டை மண்ணாகவே விட்டுவைக்கிறாள்.

ஏப்ரல் 16, வியாழன்

அக்கா அறைக்கு வந்தாள். சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு நின்றாள். ஐந்து நாள் கழித்துப் பேசினோம்.

"நான் செஞ்சது தப்புதான். ஆனா அறை போகக்கூடாதுடி. வரைஞ்சுடேன்."

"மாட்டேன்."

"ஏன்? நான் அவ்ளோ அசிங்கமாவா இருக்கேன், ஒரு படத்துல வைக்கக்கூடாத அளவுக்கு?"

"அதில்லக்கா."

"பின்ன என்னதான்?"

இந்த இருட்டை நான் எட்டு மாதம் பார்த்திருக்கிறேன், அதில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இதைச் சொன்னேன். அக்கா பலகைமுன் வந்து நின்றாள். நான் சாப்பிட்டு முடித்தேன், தூக்கைக் கழுவினேன், அப்போதும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏழு" என்றாள்.

"என்ன ஏழு?"

"ஏழு படி தெரியுது. அதுக்கு மேல எனக்குத் தெரியல. கண்ணாடி மாத்தணும்."

அந்த நேரம்வரை அவள்மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

வழவழாவிடம் போய், வரையமாட்டேன், ரத்து செய்துவிடுங்கள் என்றேன். அவர் அசரவில்லை.

"ரத்தெல்லாம் எதுக்கும்மா? ஃபைல்தான் நம்மகிட்ட இருக்கே. அதையே பெருசா அச்சடிச்சு மாட்டிடுவோம். நடுவருங்க தேர்ந்தெடுத்தது ஃபைலத்தானே? படம் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

படம் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. ஓவியர் சங்கத்தின் செயலாளர் சொல்கிறார். அவர் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன், அவரைக் கேட்காமலே.

"சரி. அச்சடிங்க. ஆனா அடியில என் பேர் போடக்கூடாது. அத எடுத்தது எங்கக்கா. அவ பேரப் போடுங்க."

"அவங்க உறுப்பினரே இல்லையே."

"விண்ணப்பம் யார் வேணா போடலாம்னு உங்க விதியிலயே இருக்கு. சுவரொட்டியில இன்னும் பேர் இல்லல்ல?"

"பேர் திறப்பு விழா அன்னைக்குத்தான்..." இழுத்தார். பிறகு முதல் தடவையாக அந்த மனிதர் நழுவவில்லை. நேராக என்னைப் பார்த்துச் சொன்னார். "நல்லா யோசிச்சுக்கோங்கம்மா. முதலிடப் படத்த யார் பேர்ல மாட்டறோமோ அவங்களுக்குத்தான் அறை. உங்க பேர் போட்டா அறை உங்களுக்கே. ஒரு வார்த்தை. எனக்கொண்ணும் இல்ல."

வழியிருந்தது. என் பெயரை அவர் போடட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒரு கோடுகூட வரைய வேண்டாம். அதுதான் இன்னும் அசிங்கம்.

"அக்கா பேர்தான்" என்றேன்.

ஏப்ரல் 18, சனி

அக்கா ஒரு மணி நேரம் கத்தினாள். 'உனக்குக் கிறுக்கா' என்று தொடங்கி, எங்கள் அம்மாவரைக்கும் போய், திரும்பக் கிறுக்கிலேயே வந்து முடித்தாள். பிறகு தன் பெயரை எப்படி எழுத வேண்டும், முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்று வழவழாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

திறப்பு விழா. போகக்கூடாது என்றிருந்தேன். அக்கா தனியாகப் போகமாட்டேன் என்றாள்.

அக்கா எடுத்ததை என் படத்தைவிடப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். விளக்கு வேறு. அக்கா புதுத் துணி உடுத்திக்கொண்டு அதன் பக்கத்தில் கையைக் கட்டி நின்றாள், பதிவு அலுவலகத்தில் மேலதிகாரி வரும்போது நிற்பாளாம், அப்படி. நடுவர்களில் ஒருவர், சால்வையும் தாடியுமாக, வந்து கேட்டார்.

"அந்தப் பெண் ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறாள்?"

"வார்னிஷ் காயலைங்க. கிட்டப் போனா ஒட்டிக்கும்னு தள்ளி நின்னேன்."

தாடி மெதுவாகத் தலையாட்டியது. "ஒட்டிக்கும்... அற்புதம்" என்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, குமட்டலும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

எல்லோரும் படத்தின்முன் நின்று கையைத் தூக்கிப் போட்டோ எடுத்தார்கள். ஒருவர்கூட மூன்று நொடிக்கு மேல் நிற்கவில்லை. பானைக்காரியின் ஜாடிகள் சுவரோரம்தான் இருந்தன.

மே 4, திங்கள்

அறைச் சாவியை அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். பத்தொன்பது வருடத்துக்கு ஒரு கையெழுத்து. அதுவும் என் கையெழுத்து இல்லை.

வெளியே வந்ததும் அக்கா சாவியை என்னிடம் நீட்டினாள். "எனக்கெதுக்குடி இது? நீ வெச்சுக்கோ." அதற்குள் வழவழா பின்னாலேயே வந்து, அறை யார் பெயரில் இருக்கிறதோ அவர் வந்து வேலை செய்தாக வேண்டும், அவ்வப்போது பார்க்க வருவோம், புது ஆள் என்பதால் அடுத்த வருடமும் தேர்வானால்தான் அறை நீடிக்கும் என்றார். அக்கா சாவியைக் கைக்குட்டையில் மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சரி, தினம் வரேன். எனக்கும் வீட்டுல என்ன வேலை?"

மே 19, செவ்வாய்

அக்கா தினமும் வருகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு குழாய், பெயிண்ட் டப்பா, தரை என்று எதையாவது போனில் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறாள். அந்தப் போன் போடும் 'டிக்' சத்தத்தில் என் பல் கூசுகிறது. சத்தத்தை நிறுத்து என்றேன். நிறுத்தினால் எடுத்த மாதிரியே இல்லை என்கிறாள்.

'படிகள்' சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதன் பின்பக்கம் நன்றாகப் பூசியிருக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

புதுப் பலகை வந்து நான்கு நாள் ஆகிறது. முதல் அடுக்குக் கருப்பு காய்ந்துவிட்டது. இன்று பச்சை போடுவதாக இருந்தேன்.

காலையில் அக்கா என் தூரிகைத் துணிகளைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். மூலையில் கயிறு கட்டிக் காயப்போட்டிருப்பேனே, துடைத்துத் துடைத்துக் கறையான பழந்துணிகள். திரையை நீட்டி எப்படி இருக்கிறது என்றாள். மோசம் என்றேன். உண்மையாகவே மோசம். எல்லாம் ஒரே பக்கம் குவிந்து கிடந்தது.

"அடுத்த வருஷம் தேர்வாகணும்ல? இல்லாட்டா அறை போயிடும்."

"உனக்கெதுக்கு அறை?"

"எனக்கெதுக்கு? உனக்குத்தான்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொன்று எடுத்தாள். அதுவும் மோசம். பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்து போய் கயிற்றை இறக்கிக் கட்டினேன். கனமான துணிகளை ஓரத்துக்குத் தள்ளினேன். அலமாரியைக் குடைந்து, எப்போதோ சிவப்பைத் துடைத்த துணி ஒன்றைத் தேடி எடுத்து நடுவிலிருந்து சற்று விலக்கி மாட்டினேன். இரண்டடி பின்னால் போ என்றேன். இன்னும் கொஞ்சம். குனி. மேகம் நகரட்டும், அவசரப்படாதே. சரி, இப்போது எடு.

"வந்துடுச்சுடி!" என்றாள். வாங்கிப் பார்த்தேன். சிவப்பு இன்னும் ஒரு விரற்கடை இடப்பக்கம் போக வேண்டும். போய் நகர்த்தினேன்.

மாலையில் அக்கா கதவைப் பூட்டினாள். கைகழுவிக்கொண்டு வராந்தாவில் நின்றபோதுதான் கவனித்தேன், கழுவுவதற்கு என் கையில் பெயிண்டே இல்லை.